மகளின் பேச்சை நான் முடித்துவைத்த காலம்

பள்ளிக்கூட வராந்தாவில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். பைக்கை அணைக்கக்கூட இல்லை. கேட்டுக்கு வெளியே அது தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

"மூணாவது படிக்கிற புள்ளைய வெளிய நிக்க வெக்கிறீங்களா? இந்த வெயில்ல? இன்னா ஸ்கூல் நடத்துறீங்க?"

எதிரே ஜெசிந்தா மிஸ். வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். விரல்களில் சாக்பீஸ் தூள். அப்போதுதான் தண்ணீர் விட்டுக் கழுவிய வராந்தாவில் பினாயில் வாடை. பிரார்த்தனை மணி இன்னும் அடிக்கவில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் காலை வணக்கத்துக்குப் பதிலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் மகள் நிவேதா, வீட்டில் நிவி, என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "அ… அ… அப்பா…"

"நீ சும்மா இரு. நான்தான் பேசறேன்ல."

"சார், ஒரு நிமிஷம்" என்றார் மிஸ். மூன்று தடவை சொல்லியிருப்பார். அந்த ஒரு நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. கடைசியில் எனக்கே மூச்சு வாங்கியது. அந்த இடைவெளியில் அவர் மெதுவாகச் சொன்னார்.

"நான் நிவேதாவ வெளிய நிக்க வெக்கல சார். ஆண்டு விழாவுல தமிழ்ல வரவேற்பு சொல்றியான்னு கேட்டேன். வீட்ல சொல்லிட்டு வரேன்னு சொன்னா."

என் சட்டை நுனி விடுபட்டது. குனிந்து பார்த்தேன். நிவி அழவில்லை. தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. "அப்படியா, சரி சரி" என்று ஏதோ உளறியிருப்பேன். அன்றைக்கும் சேதராப்பட்டு கம்பெனிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

முந்தின நாள் சாயங்காலம்

நிவிக்குத் திக்குவாய். நாலு வயதில் தொடங்கியது. தானாகச் சரியாகிவிடும் என்று ஊரே சொன்னது. ஆகவில்லை. சில எழுத்துகள் வாசலிலேயே நின்றுவிடும். அப்போது அவளுடைய கழுத்து நரம்பு புடைக்கும், கண் கலங்கும். பார்க்கிற யாருக்கும் மனசு கேட்காது. எனக்குச் சுத்தமாகக் கேட்காது. அதனால் அவள் தொடங்குவாள், நான் முடித்துவைப்பேன். அவளுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் அரியாங்குப்பத்து வீட்டில் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஓடி வந்தாள்.

"அப்பா, ஜெசிந்தா மிஸ் என்ன… என்ன…"

"அடிச்சாங்களா?"

தலையை இல்லை என்று ஆட்டினாள். "என்ன… வ… வ…"

"திட்டினாங்களா? வெளிய நிக்க வெச்சாங்களா? சொல்லு, வெளிய நிக்க வெச்சாங்களா?"

கண் கலங்கியிருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

போதாதா எனக்கு? தலையாட்டல் சாட்சி, கண்ணீர் தடயம், தீர்ப்பு தயார். "காலைல நான் வரேன், பாத்துக்கறேன்" என்றேன். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், உள்ளே போனாள். அரை நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு சந்தோஷம் நடந்திருக்கும்.

விநாடி எண்ணும் உத்தியோகம்

இதே பத்திரிகையில் வந்த என் போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஐயா, நீங்கள் எழுதுவதைப் படித்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது. உங்களுக்கு ரத்தக் கொதிப்பு உண்டா?" உண்டு அம்மா. மாத்திரையும் உண்டு. அதையும் தண்ணீர் இல்லாமல்தான் விழுங்குகிறேன்.

என் அவசரத்துக்கு என் வேலையும் ஒரு காரணம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். சேதராப்பட்டில் நான் இருந்த கம்பெனியில் பாட்டில், டப்பா, மூடி எல்லாம் செய்து அட்டைப்பெட்டியில் கட்டுவார்கள். எனக்கு டைம் ஸ்டடி. அதாவது, வேலை செய்கிற ஆளுக்குப் பின்னால் ஸ்டாப் வாட்சோடு நிற்பது. கை பெட்டியைத் தொட்டதும் ஓர் அழுத்து, பெட்டி லைனில் போனதும் ஓர் அழுத்து. எத்தனை விநாடி என்று அட்டையில் குறிப்பது. அந்த விநாடியை எப்படிக் குறைக்கலாம் என்று யோசிப்பது. டிஜிட்டல் வந்த பிறகும் நான் பழைய முள் வைத்த வாட்சையே வைத்திருந்தேன். தலையில் அழுத்தினால் "டிக்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு மிதப்பு.

வாட்சைக் கண்டதும் பொதுவாகத் தொழிலாளிகளுக்கு ஒரு தெய்வீக நிதானம் வந்துவிடும். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை நடப்பதுபோல் கையை அசைப்பார்கள். இவன் குறிக்கிற விநாடிதான் நாளைக்கு நம் தலையில் விழப்போகிறது என்று தெரியும். அவர்கள் புத்திசாலிகள். ஆனால் பாக்கிங்கில் காசியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் கை காற்று. நான் போய் நின்றால் மட்டும் பெட்டி கோணிக்கொள்ளும், டேப் பிசகும்.

"இன்னாம்மா, நேத்து சூப்பர்வைசர் சொன்ன வேகம் எங்க?" என்று கேட்டேன்.

"நீ போனா வரும் சார்" என்றாள் நிமிராமல். "பின்னால நின்னு டிக்கு டிக்குன்றியே, கையி எனக்குச் சொந்தமா இல்ல."

சிரித்துவிட்டு அதையும் அட்டையில் "பதற்றம்" என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தேன். எந்த உண்மையையும் காதில் வாங்கிக்கொள்ள நேரம் இல்லாத வயது அது.

வீட்டிலும் அதே கதைதான். நிவி குளிக்க எத்தனை நிமிடம், சாப்பிட எத்தனை நிமிடம், ஷூ மாட்ட எத்தனை நிமிடம், எல்லாம் எனக்கு மனப்பாடம். "நேத்தைவிட ஒரு நிமிஷம் லேட்டு" என்று வாசலில் நின்று அறிவிப்பேன். எதிர்வீட்டில் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய் ஒருவர் இருந்தார், எங்கள் பக்கம் சொல்தா என்போம். மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தால் அது ஒரு திருவிழா. முதலில் ஒரு தட்டு, பிறகு பேச்சு, பிறகு மீன், பிறகு பேச்சு, பிறகு ஒரு துண்டு ரொட்டியால் தட்டை வழித்து மறுபடியும் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய ஜன்னலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். நான் நின்றுகொண்டே சாப்பிட்டுக் கை கழுவி, பைக் துடைத்து, செய்தித்தாள் படித்து முடித்திருப்பேன். அவர் அப்போதுதான் பழத்தைத் தோலுரிப்பார்.

ஒருநாள் நான் பைக்கைச் சீறவிட்டுத் திருப்பியபோது அவர் கூப்பிட்டுக் கேட்டார். "தம்பி, சண்டைக்குப் போன நாங்களே இவ்ளோ வேகமாப் போனதில்ல. நீ யார சுடப் போற?"

கதவு திறந்தால் நிற்கும் பேச்சு

வராந்தாச் சம்பவத்துக்குப் பிறகு நிவி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள். தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து கொடுப்பாள். பேச்சு மட்டும் இல்லை.

அவள் அம்மாவிடம் பேசினாள். சமையல்கட்டில் பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்கும். திக்கித் திக்கி ஏதோ பெரிய கதை. நான் கதவைத் திறப்பேன். குரல் நின்றுவிடும். குழாயை மூடினதுபோல்.

மூன்றாம் நாள் என் மனைவி மல்லிகாவிடம் கேட்டேன். "எங்கிட்ட மட்டும் ஏன் பேச மாட்டேங்குது?"

அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நீங்கதான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசறீங்களே. அப்புறம் அவ எதுக்கு?"

"நான் உதவிதான் பண்றேன்."

"ஏங்க, போன வருஷம் பூரா ஆரஞ்சு பிஸ்கட் வாங்கியாந்தீங்களே, அது அவளுக்குப் புடிக்குமா?"

"அவளே கேட்டாளே!"

"பிஸ்கட்டுன்னு கேட்டா. ஆரஞ்சுன்னு நீங்க சொன்னீங்க. தலைய ஆட்டிட்டா. எல்லாத்தையும் எதிர்வீட்டு நாய்க்குத்தான் போட்டா."

அந்த நாய் ஏன் நான் பிஸ்கட் வாங்கி வந்தால் மட்டும் வாலை ஆட்டுகிறது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் ஒரு கேள்வி வந்தது. பிஸ்கட்டில் தொடங்கி வேறு எதையெல்லாம் நான் முடித்துவைத்திருக்கிறேன்? எந்தப் பிள்ளையை நான் வளர்த்துக்கொண்டிருக்கிறேன்? அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இப்படியே போனால் என் மகள் வளர்ந்து பெரியவளாகி எல்லாரிடமும் பேசுவாள், என்னிடம் தலையை மட்டும் ஆட்டுவாள்.

உங்களை நிறுத்தத்தான்

எங்கள் ஊர்க் கதிர்காமம் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். நிவியோடு தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கி அரைமணி நேரம் விளையாடினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலுக்குப் போனேன், மறுபடி உட்கார்ந்தேன். எப்போது சிகிச்சை ஆரம்பிக்கும் என்று பார்த்தால், அதுதான் சிகிச்சையாம்.

பிறகு நிவியை மல்லிகாவோடு வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"இது உங்களால வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். நிறையக் குழந்தைங்களுக்கு வர்றதுதான். ஆனா அவ உங்ககிட்ட பேசாம இருக்கறதுக்கு வேற காரணம் இருக்கு."

"நான் கேக்கறதுக்குத் தலைய ஆட்டறாளே. பதில் சொல்றாதான?"

"அது பதில் இல்ல சார். தலைய ஆட்டினாத்தான் நீங்க நிறுத்துவீங்க. உங்கள நிறுத்தப் பாக்கறா."

எனக்குச் சுள்ளென்றது. ஒரு சின்னப் பெண் என்னிடம் இப்படிப் பேசலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் வராந்தாவில் விடுபட்ட சட்டை நுனி ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் சொன்னவை ரொம்பச் சாதாரணமானவை. நீங்கள் முதலில் மெதுவாகப் பேசுங்கள். அவளை "மெதுவாப் பேசு" என்று சொல்லாதீர்கள். கேள்வியாகக் கேட்டுத் துளைக்காதீர்கள். அவள் சொல்லி முடித்த பிறகு ஓரிரு விநாடி விட்டு நீங்கள் பேசுங்கள். அவள் எந்தச் சொல்லில் நின்றாலும் அந்தச் சொல் அவளுடையது, எடுக்காதீர்கள். தினமும் கொஞ்ச நேரம் வேறு வேலை இல்லாமல் அவளோடு உட்காருங்கள்.

"எத்தன நிமிஷம்?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "பத்து நிமிஷம்னு வெச்சுக்கங்க" என்றாள்.

மருந்து இல்லை, மாத்திரை இல்லை. சும்மா இருக்க வேண்டும். எனக்கு எழுதிக்கொடுத்ததிலேயே இதுதான் கசப்பான மருந்து.

பாக்கெட்டில் ஒரு சத்தம்

இனி நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுத ஒப்புக்கொண்டாயிற்று.

ஓரிரு விநாடி விட வேண்டும் என்றாளே, அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். விநாடி என்றால் என்னைவிட யாருக்குத் தெரியும்? கம்பெனி வாட்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் நிவியோடு உட்கார்ந்தேன். அவள் ஏதாவது ஒரு சொல் சொன்னால் பையில் கைவிட்டு அழுத்துவேன். டிக். இரண்டு விநாடி எண்ணிக்கொண்டு மறுபடி டிக். பிறகு நான் பேசுவேன். நிதானத்தைக்கூட அளவெடுத்துத் தைத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

முதல் நாள் அவள் நாலைந்து சொற்கள் பேசினாள். அந்தப் பெண்ணிடம் பார்த்ததுபோலவே வாங்கிவைத்திருந்த மரக்கட்டைகளைப் பற்றி. எனக்கு ஒரே குஷி. இரண்டாம் நாள் இரண்டு சொல். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் ஒரு சொல்லைத் தொடங்கினாள். "ந… ந…" பழக்கதோஷம், கை பைக்குள் போனது. டிக். அவள் நிறுத்தினாள். எழுந்து வந்து என் பைக்குள் தன் சின்னக் கையை விட்டு வாட்சை எடுத்தாள். ஓடிக்கொண்டிருந்த முள்ளை ஒரு தடவை பார்த்தாள். டிவி மேல் வைத்தாள். உள்ளே போய் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

ஷூ மாட்டுவதற்கும் சாப்பிடுவதற்கும் நேரம் பார்த்த அப்பா இப்போது பேச்சுக்கும் நேரம் பார்க்கிறான் என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். வேறு என்ன நினைக்கும்? "கையி எனக்குச் சொந்தமா இல்ல" என்று காசியம்மாள் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் மகளுக்கு நாக்கே சொந்தமாக இல்லாமல் செய்திருக்கிறேன்.

மறுநாள் வாட்சைக் கம்பெனி மேசையில் வைத்துப் பூட்டினேன். வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தது அதுவே கடைசி.

அதற்குப் பிறகு சும்மா உட்கார்ந்தேன். சும்மா இருப்பதே சுகம் என்பார்கள். எனக்கு அது சித்திரவதை. கால் தன்பாட்டுக்கு ஆடும். காது தெருவில் போகிற ஒவ்வொரு வண்டியையும் எண்ணும். பால்காரர் போய்விட்டார், மோட்டார் போடவில்லை, பைக்குக்கு ஆயில் மாற்றவில்லை, இன்னும் எவ்வளவு நேரம். வாயில் பத்துக் கேள்வி வந்து முட்டும். முழுங்குவேன். நிவி கட்டைகளை அடுக்குவாள், கலைப்பாள். நானும் ஒரு கட்டையை வைப்பேன். ஒரு வாரம் இப்படியே போயிற்று.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அவள் என்னைப் பார்க்காமல் கட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஆ… ஆ… ஆரஞ்சு பிஸ்கட் புடிக்காது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து, "சரிம்மா" என்றேன்.

அந்த மாதத்தில் எனக்குத் தெரியவந்தவை: எங்கள் தெருவில் ஆறு நாய்கள், ஆறுக்கும் அவள் பெயர் வைத்திருக்கிறாள். மழை வந்தால் பாலத்தில் பைக் நிற்பது அவளுக்குப் பிடிக்கும், ஆறு பழுப்பாக ஓடுவதைப் பார்க்கலாம். கணக்கு பிடிக்கும். என் மீசை குத்தும். எட்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

சரியாகப் போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. இன்றைக்கும் போனில் பேசும்போது ஓரிரண்டு சொற்களில் நிற்பாள். நான் காத்திருப்பேன். இப்போதும் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கும். நான் சாந்த சொரூபியாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஓடிக்கொண்டே கேட்ட மன்னிப்பு

ஆனால் அந்த வரவேற்பு பாக்கி இருந்தது. ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம். நிவி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒத்திகைக்கு அவளை யாரும் கூப்பிடவும் இல்லை என்று மல்லிகா சொன்னாள். என் வாயால் கெட்ட காரியம்.

பள்ளிக்கூடம் போனேன். இந்தத் தடவை பைக்கை அணைத்துவிட்டுப் போனேன்.

"மிஸ், அன்னிக்கு நான் பேசினது தப்பு, புள்ள சொன்னத நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க, அவளுக்கு அந்த வரவேற்ப குடுத்துடுங்க, நல்லாப் பண்ணுவா, நான் வீட்ல சொல்லித் தரேன்…"

ஜெசிந்தா மிஸ் கையைத் தூக்கினார். "சார், மன்னிப்பையும் ஓடிக்கிட்டேதான் கேக்கணுமா?"

நிறுத்தினேன்.

"தமிழ் வரவேற்ப இன்னும் யாருக்கும் குடுக்கல. அவகிட்ட கேட்டப்ப அவ கண்ணப் பாத்தேன், அதனால வெச்சிருக்கேன். ஆனா நீங்க கேட்டு நான் குடுக்க மாட்டேன். அவளுக்கு வேணுமான்னு அவ சொல்லணும். திங்கக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லுங்க. உங்க பதில் வேணாம், அவ பதில் வேணும்."

"சரிங்க மிஸ்" என்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது நான் அவர்களில் ஒருத்தன் மாதிரி இருந்திருப்பேன்.

மல்லாட்டை

ஞாயிற்றுக்கிழமை பகல். மல்லிகா மல்லாட்டை அவித்திருந்தாள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நானும் நிவியும் பின்கட்டில் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு உரித்தோம். உப்புத் தண்ணீர் விரலில் வழிந்தது. சமயம் பார்த்து மெதுவாகக் கேட்டேன்.

"ஆண்டு விழாவுல பேச உனக்கு ஆசையா?"

அவள் கை நின்றது. ஒரு கடலையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள்.

ஆமாம் என்பாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன். அவள் ஒரு கடலையை உரித்தாள். தின்றாள். இன்னொன்றை எடுத்தாள். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்தார்கள். அடிக்கிற சத்தம், நிற்கிற சத்தம், மறுபடி அடிக்கிற சத்தம். என் முட்டி ஆடத் தொடங்கியது. கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். "பயமா இருக்கா?" என்று கேட்க நாக்கு துடித்தது. "மிஸ் திட்ட மாட்டாங்க" என்று சொல்லத் துடித்தது. "நான் முன் வரிசைல உக்காந்து தைரியம் சொல்றேன்" என்பது பல்வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். ஒரு காக்கா வந்து தொலியைக் கிளறிவிட்டுப் போயிற்று.

அவள் கழுத்து நரம்பு புடைத்தது.

"ப… ப… பேசறேன்."

நான் மூச்சை விட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அவள் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதோ இருந்தது. காத்திருந்தேன்.

"நீ வ… வ… வரலன்னா பேசறேன்பா."

உள்ளே மல்லிகாவின் கரண்டிச் சத்தம் நின்றது. எனக்குக் கண் எரிந்தது, உப்புக் கையால் தேய்த்ததால் இன்னும் எரிந்தது. முதல் சொல்லிலேயே நான் குதித்து எழுந்து அவளைத் தூக்கியிருந்தால் இந்த இரண்டாவது வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது. அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்றும் இருந்தது. ஆனால் அவள் என்னிடம் முழுசாகச் சொன்ன முதல் விருப்பம் அதுதான்.

"சரி, நான் வரல" என்றேன். "அம்மா வரட்டும்."

அவள் தன் உள்ளங்கையில் உரித்து வைத்திருந்த கடலையை என் பக்கம் நகர்த்தினாள்.

ஆண்டு விழா

விழாவுக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். தெருவில் நிற்கமாட்டேன் என்று சொல்லவில்லை. இந்தக் குள்ளநரித்தனத்தை நிவி இந்தப் பத்திரிகையில்தான் முதல்முதலாகப் படிப்பாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நானும் பைக்கும் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையில் இருந்தோம். மதிலுக்கு மேல் சீரியல் பல்பும் ஒலிபெருக்கிக் குழாயும் மட்டும் தெரிந்தன. உள்ளே எதுவும் தெரியவில்லை. மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ. கீச்சென்று ஒரு சத்தம். யாரோ ஆங்கிலத்தில் வரவேற்றார்கள். ஒரு டீ குடித்தேன். இன்னொரு டீ சொன்னேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். டீக்கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"உள்ள போவலியா சார்? டிரெஸ் எல்லாம் போட்டுட்டு வந்திருக்கீங்க."

"இல்லீங்க. ஃப்ரெண்டு ஒருத்தர் வரணும்."

குழாயில் ஜெசிந்தா மிஸ் குரல்: "அடுத்து, தமிழில் வரவேற்புரை. மூன்றாம் வகுப்பு நிவேதா."

செருப்புச் சத்தம் கேட்டது. மைக்கைக் கீழே இறக்குகிற கரகரப்பு கேட்டது. பிறகு என் மகளின் குரல் தெருமுழுக்கக் கேட்டது.

"அனைவருக்கும் வணக்கம். சிறப்பு விருந்தினர் அவர்களே, தலைமை ஆசிரியர் அவர்களே, ஆசிரியர்களே…"

நன்றாக வந்தது. இவ்வளவு நன்றாக வரும் என்று நான் நினைக்கவில்லை. கையில் இருந்த டீ கிளாஸ் சூடாக இருந்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

"ப… ப… ப…"

நின்றுவிட்டது. குழாயிலிருந்து வெறும் இரைச்சல் மட்டும் வந்தது. உள்ளே யாரோ ஒரு பிள்ளை சிரித்தது, யாரோ அதை "உஷ்" என்று அடக்கினார்கள். மறுபடி "ப… ப…" எனக்கு அந்தக் கழுத்து நரம்பு கண்முன்னால் தெரிந்தது. மதிலைத் தாண்டிக் குதித்துவிடலாம்போல் இருந்தது. அந்தச் சொல் என் வாயில் முழுசாக உட்கார்ந்திருந்தது.

டீக்கடைக்காரர் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே குழாயை நிமிர்ந்து பார்த்தார். "பெற்றோர்களேன்னு சொல்லிட்டுப் போயேன் பாப்பா. இதுல இன்னா…"

"சும்மா இருய்யா" என்றேன். "அவளே சொல்லுவா."

சொன்னாள்.